ஒரு பை, மூன்று பிள்ளைகள்: எந்த நாவலை வாங்குவது?

ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போகும்போது ஒரே ஒரு துணிப்பைதான் எடுத்துப்போவேன். பை நிறைந்ததும் வெளியே வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆட்டோவுக்கு வைத்திருக்கும் பணமும் பத்து சதவீதத் தள்ளுபடியில் கரைந்துவிடும். இந்த முறை பையில் எனக்கென்று எதுவும் இல்லை. உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் மூவருக்கும் ஆளுக்கொரு நாவல் வாங்கித் தருவதாகத் தீபாவளியன்றே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மூவரும் மூன்று ரகம். அக்கா மகனுக்கு 11 வயது. புத்தகத்தைக் கையில் வாங்கியதும் அட்டையைப் பார்க்க மாட்டான். கடைசிப் பக்கத்தைத் திறந்து எண்ணைப் பார்ப்பான். இருநூறைத் தாண்டியிருந்தால் மூடி, மரியாதையாக என் பக்கமே நகர்த்திவிடுவான். அண்ணன் மகளுக்கு 12. கிடைத்ததையெல்லாம் படிப்பாள், பஜ்ஜி மடித்து வந்த தாள் உட்பட. ஆனால் படித்தது மனதில் தைத்துவிட்டால் இரண்டு நாள் சோறு இறங்காது. அக்காவின் மூத்தவளுக்கு 15. "குழந்தைப் புத்தகம் வேண்டாம் சித்தி" என்று போன வருடமே சொல்லிவிட்டாள். பெரியவர்கள் படிக்கும் புத்தகத்தைக் கொடுத்தாலோ, எட்டாம் பக்கத்தில் கைப்பேசி கூப்பிட்டுவிடுகிறது.

பின்னட்டையில் அச்சிட்டிருக்கும் வயதை நம்பி வாங்குவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். 8 முதல் 12 வரை ஒரு தட்டு, அதற்கு மேல் ஒரு தட்டு என்பது மேல்நாட்டுக் கடைக்காரர்கள் தங்கள் அலமாரிக்காகப் போட்டுக்கொண்ட கணக்கு. அங்கே பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழியிலேயே படிக்கிறார்கள். நம் வீட்டில் தமிழில் சண்டை போடும் பிள்ளை ஆங்கிலத்தை மளமளவென்று படிக்கிறது, தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறது. ஆகவே நான் பார்ப்பது இரண்டு விஷயம். முதல் இருபது பக்கத்தைப் பிள்ளை தாண்டுமா? கதை கனக்கிற இடம் வரும்போது பக்கத்தில் யாராவது இருப்பார்களா? இரண்டாவதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

பக்க எண்ணைப் பார்க்கிறவனிடமிருந்து தொடங்குகிறேன். அவனுக்காக இரண்டு நாவல்களைக் கையில் வைத்து வெகுநேரம் நின்றேன். ஒன்று பீட்டர் பிரௌனின் 'தி வைல்ட் ரோபோ', 2016-இல் வந்தது. மற்றொன்று குவாமே அலெக்சாண்டரின் 'தி கிராஸ்ஓவர்', 2014-இல் வந்து அடுத்த ஆண்டு, அமெரிக்காவில் சிறுவர் நூல்களுக்குத் தரும் நியூபெரி விருது பெற்றது.

'தி வைல்ட் ரோபோ' அவன் கணக்குப்படி பார்த்தவுடன் தோற்க வேண்டிய புத்தகம், அவ்வளவு தடிமன். ஆனால் உள்ளே 80 அத்தியாயங்கள். பல அத்தியாயங்கள் இரண்டு மூன்று பக்கம்தான், நடுநடுவே ஆசிரியரே வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்கள். கப்பல் உடைந்து ஆளில்லாத தீவில் ஒதுங்கும் ரோஸ் என்ற இயந்திரம், தாயில்லாத வாத்துக் குஞ்சு ஒன்றை வளர்க்கிறது. அந்தக் குஞ்சு தாயை இழந்ததற்கே ரோஸ்தான் காரணம்: பாறையிலிருந்து சரிந்து விழும்போது கூட்டை நசுக்கிவிடுகிறது. தப்பியது ஒரே ஒரு முட்டை. இதைப் பிரௌன் மறைக்கவும் இல்லை, அழுது காட்டவும் இல்லை. சின்னச் சின்ன வாக்கியங்களில், நடந்தது இது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். 2024-இல் வந்த திரைப்படத்தைப் பார்த்துவிட்ட பிள்ளைகளுக்கும் புத்தகம் புதிதாகவே இருக்கும். படத்தின் ஓட்டம் வேறு, புத்தகத்தின் நிதானம் வேறு.

'தி கிராஸ்ஓவர்' நேர்மாறு. முழுக்கக் கவிதை வடிவில் எழுதிய நாவல். ஜோஷ், ஜோர்டன் என்ற இரட்டையர் கூடைப்பந்து ஆடுகிறார்கள். நாவலும் ஆட்டம் போலவே கால் பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. ஜோஷ் பந்தைத் தட்டிக்கொண்டு போகும் பக்கங்களில் எழுத்துகளும் தாளில் குதிக்கின்றன, சரிகின்றன. ஒரு பக்கத்தில் முப்பது சொல்தான் என்றால் எந்தச் சோம்பேறியும் திருப்புவான். சிக்கல் எங்கே என்றால் அப்பாவிடம். பழைய ஆட்டக்காரரான அவர், இரத்த அழுத்தம் இருப்பது தெரிந்தும் மருத்துவரிடம் போக மறுக்கிறார். அது எங்கே போய் முடியும் என்பது பெரியவர்களுக்குப் பாதிப் புத்தகத்திலேயே தெரிந்துவிடும். பையனுக்குத் தெரியாது. என் அத்திம்பேருக்கும் இரத்த அழுத்தம் உண்டு; அவரும் மாத்திரையை மறப்பதில் வல்லவர். அதனால் இதை அவனுக்கு இந்த ஆண்டு வேண்டாம் என்று தள்ளிவைத்தேன். உங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லையென்றால், விளையாட்டுப் பைத்தியமாக இருக்கும் பையனுக்கு இதைவிட நல்ல முதல் நாவல் எனக்குத் தெரியாது. கால்பந்துப் பிரியனாக இருந்தால் அதே ஆசிரியரின் 'புக்ட்' இருக்கிறது.

அவனுக்குத் தமிழிலும் ஒன்று வேண்டும் என்பதில் அக்கா பிடிவாதமாக இருந்தாள். இங்கேதான் எனக்கு ஒரு சுவையான ஜோடி அகப்பட்டது. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை', 2023-இல் பால சாகித்திய புரஸ்கார், அதாவது சிறுவர் இலக்கியத்துக்கான சாகித்திய அகாதமி விருது, பெற்ற நாவல். கீழடியைக் களமாகக் கொண்டு, இக்காலச் சிறுவனைப் பண்டைக் காலத்துச் சிறுவன் ஆதனோடு சேர்த்துவைக்கிறது. எரின் என்ட்ராடா கெல்லியின் 'தி ஃபர்ஸ்ட் ஸ்டேட் ஆஃப் பீயிங்', 2025-இன் நியூபெரி. அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் 1999 ஆகஸ்ட் மாதம் நடக்கிறது, 2199-ஆம் ஆண்டிலிருந்து ஒரு பதின்வயதுப் பையன் வந்து இறங்குகிறான். இரண்டுமே காலம் தாண்டும் கதை. ஒன்றில் பின்னாலிருந்து ஒரு கை நீள்கிறது, மற்றதில் முன்னாலிருந்து.

கெல்லியின் நாவலில் மைக்கேல் என்ற 12 வயதுப் பையன், 2000 பிறக்கும்போது கணினிகள் எல்லாம் குழம்பி உலகமே நின்றுவிடும் என்று பயந்து, கடையிலிருந்து டப்பாவில் அடைத்த உணவைத் திருடிச் சேர்த்துவைக்கிறான். அவனுடைய அம்மா தனியாளாக உழைத்துக் குடும்பம் நடத்துகிறவள். அவளைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அவன் கவலை. இந்தப் பயம் நம் ஊருக்கும் அன்னியமில்லை. அந்த ஒய்2கே பழுதைச் சரிசெய்யத்தான் அன்று எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகள் விமானம் ஏறினார்கள். நம் மென்பொருள் நிறுவனங்கள் காலூன்றியதில் அதற்குப் பங்குண்டு. ஆனால் இதை விளக்க ஒரு பெரியவர் பக்கத்தில் வேண்டும். விளக்கினால், அப்பா வேலைக்குச் சேர்ந்த கதையோடு சேர்ந்து அருமையாகப் போகும். விளக்காவிட்டால், 'இதற்கு ஏன் இவ்வளவு பயம்?' என்று முப்பதாம் பக்கத்தில் நின்றுவிடும்.

'ஆதனின் பொம்மை'க்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆதன் என்பது கீழடிப் பானை ஓட்டில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கிடைத்த பெயர் என்று சொன்னதுமே இவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். 2023-இல் அங்கே அருங்காட்சியகமும் திறந்துவிட்டார்கள். மதுரையிலிருந்து பஸ் ஏறினால் போதும், புத்தகத்தை மூடிய கையோடு பானையைக் கண்ணால் பார்க்கலாம். டெலவேருக்கு அப்படிப் போக முடியுமா? குறையும் சொல்ல வேண்டும். வரலாற்றைச் சொல்லித் தர வேண்டும் என்ற ஆர்வம் சில இடங்களில் கதையின் சட்டையைப் பிடித்து நிறுத்துகிறது. கெல்லியிடம் இந்த அவசரம் இல்லை. எதிர்காலப் பையனுக்கு எல்லாம் தெரியும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்ற ஒரே விதியில் தகவலையெல்லாம் பூட்டிவைத்துக் கதையை இழுத்துப் போகிறார். கைத்திறனில் கெல்லிக்குத்தான் என் ஓட்டு. ஆனாலும் இவனுக்கு வாங்கியது ஆதனைத்தான். தமிழை எழுத்துக்கூட்டும் பையனுக்கு ஊரும் பேரும் தெரிந்ததாக இருந்தால் பாதி பாரம் குறையும். முதல் சில அத்தியாயங்களை அவனுடைய பாட்டி வாசித்துக் காட்டுவது என்று ஏற்பாடு.

இப்போது அண்ணன் மகள். போன ஆண்டு அவளுக்குப் பத்மா வெங்கட்ராமனின் 'தி பிரிட்ஜ் ஹோம்' வாங்கிக் கொடுத்தேன். சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வாழும் பத்மா, கடலியல் படித்தவர். 2019-இல் வந்த இந்த நாவல் அடுத்த ஆண்டு வால்டர் டீன் மையர்ஸ் விருது பெற்றது. அடிக்கிற அப்பாவிடமிருந்து தப்பி விஜி, ருக்கு என்ற சகோதரிகள் சென்னைக்கு ஓடிவருகிறார்கள். பாழடைந்த ஒரு பாலத்தின் மேல் முத்தி, அருள் என்ற இரண்டு பையன்களோடு குடித்தனம் போடுகிறார்கள். குப்பைமேட்டில் பொறுக்கிப் பிழைக்கிறார்கள். ருக்கு மற்றப் பிள்ளைகளைப் போல அல்ல, அவளுடைய மனம் தன் போக்கில் மெல்ல நடப்பது. விஜி இந்தக் கதை முழுவதையும் ருக்குவிடம் பேசுவதாகவே சொல்கிறாள்: நீ இப்படிச் செய்தாய், நீ அப்படிச் சிரித்தாய் என்று. ஏன் ருக்குவிடமே சொல்கிறாள் என்பது பாதிக்குமேல் போனால்தான் உறைக்கும்.

எனக்கு அது தெரிந்திருந்தது. ஆனாலும் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். இரவு பத்தரை மணிக்கு அண்ணன் கைப்பேசியிலிருந்து அழைப்பு. எடுத்தால் பேச்சே இல்லை, மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும். பிறகு, "அத்தை, இது உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?" என்றாள். தெரியும் என்றேன். "அப்புறம் ஏன் சொல்லவில்லை?" அண்ணனும் அண்ணியும் அவள் எதற்கு அழுகிறாள் என்றே புரியாமல் கூடத்தில் நின்றிருக்கிறார்கள். மறுநாள் அவள் சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னாள். குரலில் என் மேல் கோபம் இருந்தது, நியாயமான கோபம். அதிலிருந்துதான் அந்த இரண்டாவது கேள்வி எனக்கு வந்தது.

அதற்காக அந்தப் புத்தகத்தைக் கொடுத்தது பிழை என்று இன்றும் நான் நினைக்கவில்லை. தனியாக விட்டதுதான் பிழை. ஒரு வாரம் கழித்து அவளே சொன்னாள்: "விஜி தமிழில்தானே பேசுவாள்? நான் மனதுக்குள் தமிழில்தான் படித்தேன்." ஆங்கில நாவலைத் தமிழாக்கிக்கொண்டே படித்திருக்கிறாள்! இதை எந்தத் தமிழ் ஆசிரியரும் அவளுக்குச் செய்து காட்டியதில்லை.

இந்த ஆண்டு அவளுக்கு அதன் பக்கத்தில் வைக்கத் தகுந்தது வீரா ஹிராநந்தானியின் 'தி நைட் டைரி'. 2018-இல் வந்து 2019-இல் நியூபெரியின் கௌரவப் பட்டியலில் இடம்பெற்ற நாவல். 1947 ஜூலை 14, நிஷாவுக்கு 12 வயது நிறைகிற நாள். வீட்டுச் சமையற்காரர் காஜி ஒரு நாட்குறிப்பைப் பரிசாகத் தருகிறார். அவள் அதில், தன்னைப் பெற்றபோதே இறந்துபோன அம்மாவுக்குக் கடிதம் எழுதத் தொடங்குகிறாள். அப்பா இந்து மருத்துவர், அம்மா முஸ்லிம். நாடு இரண்டாகிறபோது சிந்துவின் மீர்பூர் காஸிலிருந்து குடும்பம் எல்லையை நோக்கி நடக்கிறது, தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. அம்மா உயிரோடு இருந்திருந்தால் எந்தப் பக்கம் நின்றிருப்பாள் என்பது அந்தப் பெண்ணை அரிக்கிற கேள்வி.

இரண்டு நாவல்களிலும் ஒரு பெண், இல்லாத ஒருத்தியிடம் பேசுகிறாள். ஆனால் பாரம் இறங்கும் இடம் வேறு. நிஷா எழுதத் தொடங்கும்போதே அம்மா இல்லை என்பது நமக்குத் தெரியும். துக்கம் முதல் பக்கத்திலேயே கதவைத் திறந்து உட்கார்ந்துகொள்கிறது, பிறகு நாமும் அதோடு பழகிவிடுகிறோம். விஜியின் கதையில் அது பின்வாசல் வழியாக வருகிறது. எளிதில் உடைகிற பிள்ளைக்கு முதலில் 'நைட் டைரி', பிறகு 'பிரிட்ஜ் ஹோம்' என்பதே சரியான வரிசை. நான் தலைகீழாகக் கொடுத்துவிட்டேன். 'நைட் டைரி'யில் கத்தியும் இரத்தமும் உண்டு, ஒளிக்கவில்லை. ஆனால் நடுவே சமையலறை வாசனை வந்து ஆற்றுகிறது. பேச்சு வராமல் தவிக்கும் நிஷாவுக்கு அடுப்படிதான் நாக்கு.

இங்கே ஒரு தமிழ் நூலையும் சொல்ல வேண்டும். 'பிரிட்ஜ் ஹோம்' ருக்குவின் கையில் ஒரு மரப்பாச்சி பொம்மை இருக்கிறது, அது பேசாது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' நாவலில் மரப்பாச்சி பேசுகிறது. பிள்ளைகள் மீதான பாலியல் சீண்டலைப் பிள்ளைகளுக்கே புரியும்படி, அச்சுறுத்தாமல் பேசும் நாவல். 2020-இன் பால சாகித்திய புரஸ்கார். இதைத் தமிழ் வீடுகளில் வாங்குகிறவர்களில் பலர், தாங்கள் வாய்விட்டுச் சொல்ல முடியாததைப் புத்தகம் சொல்லிவிடட்டும் என்று பிள்ளையின் மேசையில் வைத்துவிட்டு நழுவுகிறார்கள். என் அண்ணியும் அப்படித்தான் திட்டமிட்டாள். நான் சம்மதிக்கவில்லை. இதைத் தாயோ தந்தையோ கூட உட்கார்ந்து, ஒரு மாலையில் சத்தமாக வாசித்து முடிக்கலாம், நீளம் அவ்வளவுதான். அண்ணி மூன்று மாலை எடுத்துக்கொண்டாள். நடுவில் இரண்டு முறை தண்ணீர் குடிக்க எழுந்து போனாளாம்.

மாயாஜாலம் கேட்கும் பிள்ளைகளுக்கு இரண்டு பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறேன். கேத்தரின் ரண்டலின் 'இம்பாசிபிள் கிரியேச்சர்ஸ்', 2023: பழங்கதை விலங்குகள் உயிரோடு வாழும் தீவுக்கூட்டம், பறக்கும் அங்கி அணிந்த சிறுமி, கடைசியில் இலேசில் விடாத ஒரு முடிவு. கொழும்பில் பிறந்த நிஸ்ரானா ஃபாரூக்கின் 'தி கேர்ள் ஹூ ஸ்டோல் அன் எலிஃபன்ட்', 2020: அரசியின் நகையைத் திருடுகிற சாயா என்ற சிறுமி, பழி தோழன் மேல் விழுந்ததும் அரசனின் யானையையே ஓட்டிக்கொண்டு காட்டுக்குள் பாய்கிறாள். இலங்கையை நினைவூட்டும் ஒரு கற்பனைத் தீவு. பலாப்பழமும் அட்டைப்பூச்சியும் நமக்குத் தெரிந்தவையே. முதலாவது அழகான எழுத்து. இரண்டாவது ஓட்டமான எழுத்து. வேகமாகப் படித்துப் பழகாத பிள்ளைக்கு இரண்டாவதே மேல்.

கடைசியில், 15 வயதுக்காரி. இவளுக்குத்தான் நான் அதிகம் அலைந்தேன். கடைசியில் இரண்டு நாவல்கள் கையில் மிஞ்சின, இரண்டும் கவிதை வடிவ நாவல்களே. பத்மா வெங்கட்ராமனின் 'எ டைம் டு டான்ஸ்', 2014: சென்னையில் பரதம் ஆடும் வேதா, ஒரு விபத்தில் காலின் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியை இழக்கிறாள், செயற்கைக் காலோடு மீண்டும் ஆடக் கற்கிறாள். ஜேசன் ரெனால்ட்ஸின் 'லாங் வே டவுன்', 2017: அண்ணன் சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள், 15 வயது வில் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு லிஃப்டில் இறங்குகிறான். கீழே போனதும் பழி வாங்க வேண்டும். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் நிற்கிறது, ஒவ்வொரு முறையும் அவனோடோ அண்ணனோடோ தொடர்புள்ள, செத்துப்போன ஒருவர் ஏறுகிறார். கதை நடப்பது ஏறத்தாழ ஒரு நிமிடம்.

வேதாவின் கதை நமக்கு நெருக்கம். மேடையில் கைதட்டு வாங்க ஆடுவதற்கும், தனக்காகவும் தெய்வத்துக்காகவும் ஆடுவதற்கும் உள்ள தூரத்தை அவள் நொண்டி நொண்டிக் கடக்கிறாள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆனால் இவள் ஏழு வயதில் பரத வகுப்பிலிருந்து அழுதுகொண்டே விலகியவள். அட்டையில் சலங்கை என்றாலே முகம் சுளிப்பாள். மேலும் 'முயன்றால் முடியும்' என்று பெரியவர்கள் சொல்ல வருகிறார்கள் என்ற வாடை பட்டாலே இந்த வயது எழுந்து போய்விடும், புத்தகம் அப்படிச் சொல்லாவிட்டாலும். 'லாங் வே டவுன்' எதையும் சொல்லித் தருவதில்லை. பழிக்குப் பழி சரியா தவறா என்று தீர்ப்புக் கூறாமல், ஒரு கேள்வியோடு லிஃப்டின் கதவைத் திறந்து விட்டுவிடுகிறது. துப்பாக்கி நம் தெருவில் இல்லை. ஆனால் 'நம்மாளை அடித்தால் திருப்பி அடிக்க வேண்டும்' என்ற எழுதப்படாத விதி எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் உண்டு. வாங்கிவிட்டேன்.

சனிக்கிழமை மாலை கொடுத்தேன். இரவு உணவுக்குக் கூப்பிட்டபோது "ரெண்டு மாடிதான் பாக்கி" என்று பதில் வந்தது. சாப்பிட்டு முடித்து, புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்: "தமிழில் இந்த மாதிரி ஒன்று சொல்லுங்கள் சித்தி, எங்கள் பள்ளிக்கூடத்தில் நடக்கிற மாதிரி."

நான் யோசித்தேன். 12 வயது வரைக்கும் தமிழில் இப்போது கைநிறைய இருக்கிறது. பால சாகித்திய புரஸ்காரே 2025-இல் விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' நாவலுக்குப் போயிருக்கிறது. ஒரு தடித்த ஆங்கில நாவலின் விலைக்குப் பெரும்பாலும் இப்படி மூன்று வாங்கலாம். அதற்கு மேலே படி இல்லை. எங்கள் காலத்தில் வாண்டுமாமாவை மூடிவைத்ததும் நேராகப் 'பொன்னியின் செல்வ'னுக்குத் தாவினோம். நடுவில் பள்ளமிருப்பதே தெரியவில்லை. படம் வந்த சமயத்தில் இவளும் முதல் பாகத்தை எடுத்து, வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையைத் தாண்டுவதற்குள் வைத்துவிட்டாள். அவள் கேட்பது சோழர் காலமல்ல, ஒன்பதாம் வகுப்பு.

அலமாரியில் தேடி, அதே சரவணன் எழுதிய 'கயிறு' என்ற சின்ன நூலை எடுத்துக் கொடுத்தேன். பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும், சாதியைக் காட்டிக்கொடுக்கும் வண்ணக் கயிற்றைப் பற்றியது. சோபாவில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு படித்தாள். கைப்பேசி இரண்டு முறை ஒலித்தது, எடுக்கவில்லை. நான் பாத்திரங்களைத் துலக்கிவிட்டு வருவதற்குள் முடித்துவிட்டாள். பின்னட்டையைத் திருப்பிப் பார்த்தாள், மறுபடி கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.

"மீதி எங்கே, சித்தி?"